சொரசொரத்த வெள்ளி

பொருளின் மீது பட்டுச் சிதறும் ஒளியில் துளிப் பங்கு நிறம் மாறி வெளிவரும். எந்த மூலக்கூறில் பட்டது என்பதை அந்த மாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். 1928-இல் கல்கத்தாவில் சி. வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் கண்டது இது. ஆனால் ஏறக்குறைய கோடி ஒளித்துகள்களில் ஒன்றுதான் அப்படி மாறும். ஒரு பொருள் இம்மியளவு இருந்தால் அதைத் துப்பறிய இந்த ஒளி எப்படிப் போதும்?

1970-களில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஃபிளைஷ்மன், ஹெண்ட்ரா, மெக்குவில்லன் மூவருக்கும் இதே தலைவலி. மின்வாயில் ஒட்டும் மூலக்கூறுகளைக் கரைசலுக்குள் இருக்கும்போதே பார்க்க வேண்டும். அகச்சிவப்புக் கதிரைத் தண்ணீரே விழுங்கிவிடும்; ராமன் சிதறலில் தண்ணீரின் தொல்லை குறைவு. பரப்பைக் கூட்டினால் ஒட்டும் மூலக்கூறுகளும் கூடும், ஒளியும் கூடும் என்று கணக்குப் போட்டார்கள். வெள்ளி மின்வாயின் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, வெள்ளியைக் கரைத்துக் கரைத்துத் திரும்பப் படியவிட்டார்கள். வழவழப்பு போய்ச் சொரசொரப்பு வந்தது. அதில் ஒட்டிய பிரிடின், மூக்கைப் பொத்தவைக்கும் அந்தத் திரவம், தன் நிறமாலைக் கோடுகளைப் பளிச்சென்று காட்டியது. 1974-இல் கட்டுரை வெளியானது.

கணக்கு பலித்தது என்றே நம்பினார்கள். பலிக்கவில்லை என்று 1977-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின: அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்னில் வான் டைனும் அவர் மாணவரும், இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரெக்ட்டும் கிரைட்டனும். பரப்பு சில மடங்குதான் கூடியிருந்தது. ஒளியோ லட்சம் மடங்குக்கு மேல். வான் டைன் வெள்ளியை இன்னும் லேசாகவே சொரசொரப்பாக்கிப் பார்த்தார்; ஒளி குறைவதற்குப் பதில் கூடியது! வெள்ளியின் நுண்மேடுகளில் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடி, அங்கே மின்புலத்தைப் பெருக்குவதே முக்கியக் காரணம் என்பது பிறகு தெளிந்தது.

இந்தக் கண்டுபிடிப்பில் யாருக்கு முதல் உரிமை என்ற வழக்கில் நான் சவுத்தாம்ப்டன் பக்கம். பிள்ளையின் குணம் புரியவில்லை என்பதற்காகப் பெற்றவர்கள் மாறிவிடுவார்களா? வெள்ளிக்குப் பதில் பிளாட்டினம் எடுத்திருந்தால் அன்று ஒன்றும் தெரிந்திருக்காது என்பதும் உண்மை. (1989-இல் ‘குளிர் அணுக்கரு இணைவு’ என்று அறிவித்துச் சர்ச்சையில் சிக்கியவரும் இதே ஃபிளைஷ்மன்தான். அங்கே அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை.)

1997-இல் ஒற்றை மூலக்கூறையே, வெள்ளியால் ஒளியைப் பெருக்கும் இந்த முறையில் கண்டுவிட்டார்கள். குளுக்கோஸ்தான் அடம்பிடித்தது, வெள்ளியில் அது ஒட்டவே ஒட்டாது. வான் டைன் குழு வெள்ளியின் மேல் ஒரே மூலக்கூறு தடிமனில் ஒரு படலம் பூசி, குளுக்கோஸை அதன் அருகே இழுத்து நிறுத்தியது. பிறகு அந்த உணரியை எலியின் தோலுக்கடியில் வைத்துச் சர்க்கரை அளந்தது.