கொட்டாப்புளியும் வேகமும்

கார் பந்தய வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இன்ஜினிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். எத்தனை சிலிண்டர், எத்தனை குதிரைசக்தி, ஓட்டியது யார். காரின் மேல்தோலை யார் செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "பாடியா? யாராவது டிங்கர் தட்டியிருப்பாரு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எனக்கு அந்த 'யாராவது' மீதுதான் ஆர்வம். குரோம்பேட்டையிலிருந்து வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் வளர்ந்த தொழில்களில், அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி உருவம் கொடுக்கிற வேலையும் ஒன்று. சென்னையில் அந்த வேலை காரில் தொடங்கவில்லை, சோற்றுப் பாத்திரத்தில் தொடங்கியது.

ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் 1888-இல் பொறியியல் பேராசிரியராகச் சென்னைக்கு வந்தார். பத்து வருடம் கழித்து, 1898-இல், எழும்பூர்ப் பக்கமிருந்த அரசு ஓவியக் கல்லூரியில், அன்றைய ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸில், அலுமினியப் பாத்திரம் செய்கிற பிரிவு ஒன்றைத் தொடங்கினார். அப்போது அலுமினியம் மிகப் புதிய சரக்கு. மண்ணில் ஏராளமாக இருந்தும் பிரித்தெடுக்க முடியாமல் விலை உயர்ந்து கிடந்த உலோகம் அது. 1886-இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியாக மின்சார வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் விலை இறங்கியது. இறங்கிய பன்னிரண்டே வருடத்தில் அது சென்னைக்கு வந்து அண்டாவாகவும் குண்டாவாகவும் ஆகிவிட்டது.

சாட்டர்டன் இயந்திரம் மட்டும் இருந்தால் போதும் என்று நினைத்தவர் இல்லை. செம்பையும் பித்தளையையும் தலைமுறைகளாகத் தட்டி வந்த கைகள் இங்கே இருந்தன. தட்டையான தகட்டிலிருந்து ஒட்டில்லாமல் ஒரு குடத்தை எழுப்பத் தெரிந்த கைகள். உலோகம் மாறியது, தட்டுகிற முறை பெரிதாக மாறவில்லை. 1903-இல் அந்தப் பிரிவு இந்தியன் அலுமினியம் கம்பெனி என்ற தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது (பிற்காலத்து இண்டால் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). அதே சாட்டர்டன் அடுத்துக் கைவைத்தது குரோம் முறையில் தோல் பதனிடுவதில். அரசே தொழில் நடத்துவதா என்று இங்கிருந்த ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்து, லண்டன் வரை போய், 1910-இல் தொழில் துறையையே மூட வைத்தார்கள். ஆனாலும் குரோம் தோல் சென்னையில் வேர்விட்டது. பல்லாவரத்தை ஒட்டி வந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயரைத்தான் குரோம்பேட்டை இன்றும் சுமக்கிறது. ரயில் நிலையப் பலகையில் ஒரு வேதிப்பொருளின் பெயர் இருப்பதை அங்கே தினமும் இறங்குகிறவர்கள் கவனிப்பதில்லை.

பாத்திரம் சரி, காருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தகட்டின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் புரியும்.

ஒரு பந்தய காரின் மூக்குப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் தொட்டாலும் வளைவு. இரண்டு திசையிலும் வளைகிற பரப்பைத் தகட்டை மடித்து வாங்க முடியாது. ஒரு சாத்துக்குடியைக் காகிதத்தில் சுற்றிப் பாருங்கள், ஓரமெல்லாம் சுருங்கும். தகடும் அப்படித்தான். நடுவில் அதை நீட்ட வேண்டும், ஓரத்தில் சுருக்க வேண்டும். நீட்டுவதற்கு மணல் மூட்டை, அல்லது குழி வெட்டிய மரக்கட்டை. அதன்மேல் தகட்டை வைத்து கொட்டாப்புளியால் தட்டினால் நடு இறங்கும், இறங்கின இடம் மெலியும். ஓரத்தில் எழும் சுருக்கங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, ஒன்றின்மேல் ஒன்று மடியாமல், உலோகத்துக்குள்ளேயே அமுக்கி அடக்க வேண்டும். இதுதான் கஷ்டமான பாதி. பாத்திரக்காரர் குடத்தின் கழுத்தைக் குறுக்குகிறபோது செய்வதும் இதேதான். வேலை முடிந்ததும் மேடுபள்ளம் எடுக்க, உள்பக்கம் டாலி வைத்து வெளிப்பக்கம் மெல்லத் தட்டி வருவார்கள். வசதியுள்ள பட்டறை என்றால் இரண்டு உருளைகளுக்கு நடுவே தகட்டை முன்னும் பின்னும் ஓட்டுகிற சக்கரம் இருக்கும். இங்கிலீஷ் வீல் என்று பெயர். அது இல்லாமலும் வேலை நடக்கும், நேரம்தான் கூடும்.

அலுமினியத்துக்கு என்று ஒரு குணம் உண்டு. தட்டத் தட்ட இறுகும், இறுகினால் விரியும். எனவே நடுநடுவே சூடு காட்டி இளக்க வேண்டும். இரும்பு சூடேறினால் சிவக்கும், கண்ணுக்குத் தெரியும். அலுமினியம் 660 டிகிரியில் உருகுகிறவரை நிறமே மாற்றாது. அதற்கும் ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள். ஆக்சிஜனைக் குறைத்து, கேஸ் வெல்டிங் சுடரின் கரியைத் தகட்டின்மேல் பூசுவது. பிறகு சாதாரணச் சுடரால் சூடு காட்டினால், கரி எரிந்து மறைகிற கணம்தான் தகடு இளகின கணம். சிலர் சோப்பைத் தேய்த்து அது கருக்கும்வரை சூடு காட்டுவார்கள். வெப்பமானி எதுவும் கிடையாது. ஒட்டவைப்பது அதைவிட மோசம். ஃப்ளக்ஸ் தடவாமல் ஒட்டாது, தடவின ஃப்ளக்ஸைக் கழுவாமல் விட்டால் ஒட்டே அரித்துப்போகும், ஒரு நொடி சுடர் நின்றால் முன்னறிவிப்பே இல்லாமல் ஓட்டை விழும்.

இன்னொன்று. நம்மூர் டிங்கர் பட்டறையில் எல்லாப் பாவத்தையும் மூட பட்டி இருக்கிறது. இரும்புக் கதவில் அரை விரல் கனத்துக்குப் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்துத் தந்தால் வண்டிக்காரருக்குத் தெரியாது. எடைக்குப் பயந்து செய்கிற பந்தயத் தகட்டில் அது நடக்காது. உள்ளங்கையை வைத்துத் தடவித் தடவித்தான் குறையைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வேலையில் கண்ணைவிடக் கை நன்றாகப் பார்க்கும்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? எடை ஒரு காரணம். ஒரே கனத்தில் அலுமினியம் இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கனக்கும். பெரிய காரணம் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு, அதைத் தள்ளத் தேவையான சக்தி எட்டு மடங்கு. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் இன்ஜினைப் பெரிதாக்குவதைவிட மூக்கைச் சரியாக்குவது மலிவு.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் கலிஃபோர்னியாவின் ஹாட் ராட் பையன்கள். பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, தேவையில்லாததைக் கழற்றி எறிந்து, வறண்ட ஏரிப் படுகைகளில் நேர்க்கோட்டில் ஓட்டிப் பார்த்தவர்கள். 1937-இல் அவர்களுக்கு ஒரு சங்கம் உண்டானது. போர் முடிந்ததும் 1946-இல் பில் பர்க் என்பவர் போர் விமானத்தின் கழற்றி எறியும் பெட்ரோல் டாங்கியை ராணுவக் கழிவுச் சரக்கில் வாங்கி, அதற்குள் இன்ஜினையும் தன்னையும் திணித்துக்கொண்டார். காற்றுக்கென்றே செய்த உருவம் ரெடிமேடாகக் கிடைத்தது. 1949-இலிருந்து யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புப் படுகையில் வருடாவருடம் வேக வாரம் நடக்கிறது. டாங்கி கிடைக்காதவர்கள், வேறு உருவம் வேண்டியவர்கள், தகடும் கொட்டாப்புளியுமாகத் தங்கள் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். அதே பான்வில்லில் ஆங்கிலேயர் ஜான் காப் 1947-இல் மணிக்கு 394 மைல் சராசரி எடுத்த ரெயில்டன் காரின் மேலோடு முழுவதும் அலுமினியம். ஓட்டுநர் உட்கார்ந்த பிறகு, ஆட்கள் சேர்ந்து தூக்கி, ஒரு பெரிய மூடியைப் போல அதைக் கவிழ்ப்பார்கள். வடிவமைத்த ரீட் ரெயில்டன் பெயர் காரிலேயே இருக்கிறது. தகட்டைத் தட்டியவர் பெயர் அங்கேயும் காரில் இல்லை.

நமக்கு உப்புப் படுகை கிடையாது. ஆனால் போர் நமக்கும் ஒன்றை விட்டுவிட்டுப் போனது. அமெரிக்கப் பையன்களுக்கு விமான டாங்கி கிடைத்தது என்றால், சென்னைக்குக் கிடைத்தது விமான ஓடுதளம். நகரத்துக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, சோழவரத்தில் இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட தளம். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத்துக்குப் பயன்படுத்தியது. முப்பது வருடத்துக்கு மேல் சென்னையின் வேகம் என்றால் சோழவரம்தான்.

பந்தயம் வடக்கே நடந்தது. அதற்கான கைகள் பழகிய இடங்களில் முக்கியமானது தெற்கு. இது தற்செயல் அல்ல. குரோம்பேட்டையில் சி. ராஜம் தன் இந்தியா ஹவுஸ் மாளிகையை விற்ற பணத்தில் 1949-இல் எம்.ஐ.டி.யைத் தொடங்கினார். முதல் பாடங்களிலேயே விமானப் பொறியியலும் ஆட்டோமொபைலும் இருந்தன. அங்கே மாணவர்களுக்காக நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்கள் தன்னை ஈர்த்ததைப் பின்னாளில் அப்துல் கலாம் எழுதினார். நாலு கிலோமீட்டர் தள்னால் தாம்பரம் விமானப்படை நிலையம், அதற்குள் இயந்திரப் பயிற்சி நிலையம். விமானம் என்றாலே அலுமினியத் தகடும் ரிவெட்டும்தான். இன்னும் கொஞ்சம் தெற்கே, பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே, ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை. வான்கார்டு, பிறகு 1961-இலிருந்து ஹெரால்டு, 1970-களில் கெஸல், கடைசியாக 1985-இல் ஸ்டாண்டர்டு 2000.

ஹெரால்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பாடி செய்து தந்துகொண்டிருந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால், இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபுக்கு முழு பாடியை ஒரே துண்டாக அச்சடித்துத் தர ஆளில்லை. எனவே தனிச் சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டுகிற பாடித் துண்டுகள் என்று செய்தார்கள். தோற்றத்தை வரைந்தவர் இத்தாலிய மிக்கெலோட்டி. வேறு வழியில்லாமல் செய்தது பந்தயப் பைத்தியங்களுக்கு வரமாகிவிட்டது. போல்ட்டைக் கழற்றினால் பாடி தனி, ஓடுகிற சேஸிஸ் தனி. அதன்மேல் எந்த உருவத்தை வேண்டுமானாலும் கட்டலாம். அப்படிக் கட்டுகிற வண்டிக்கு 'ஸ்பெஷல்' என்று பெயர். வெளிநாட்டு கார் இறக்குமதி செய்ய லைசென்சும் பணமும் வேண்டியிருந்த காலத்தில், இல்லாதவனுக்கு ஸ்பெஷல்தான் கதி. ஃபியட் இன்ஜின், ஹெரால்டு சேஸிஸ், மேலே தட்டிய தகடு. இறக்குமதி என்றாலும் தகடு தப்பாது. 1980-களில் விஜய் மல்லையா சோழவரத்தில் ஓட்டிய என்சைன் ஃபார்முலா ஒன் காரின் உடல்கூட அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த பெட்டிதான்.

தகடும் அப்போது உள்ளூரிலேயே கிடைத்தது என்பது ஒரு சந்தோஷமான கிளைக்கதை. சேர்வராயன் மலைப் பாக்சைட்டை நம்பி மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1965-இல் உலோகம் உருக்க ஆரம்பித்தது. சாட்டர்டன் காலத்தில் கப்பலில் வந்த சரக்கு, ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கியது.

முடிவு எங்கிருந்து வந்தது என்றால், போட்டியாளர்களிடமிருந்து அல்ல, கண்ணாடி இழையிலிருந்து. கோயம்புத்தூர் கரிவரதன் 1980-களின் இறுதியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். நாராயண் கார்த்திகேயன் முதலியோர் பழகியது அதில்தான். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். அவர் செய்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பணக்காரர் விளையாட்டை மலிவாக்கி, ஒரே மாதிரி கார்களில் திறமையை மட்டும் மோத விட்டார். ஆனால் ஒரே மாதிரி கார் என்றால் ஒரே அச்சு. கண்ணாடி இழையில் ஒரு அச்சு செய்துவிட்டால் அதிலிருந்து மூக்குகளை எடுத்துக்கொண்டே போகலாம். மோதி உடைந்தால் இன்னொன்று. தட்டி நிமிர்த்த ஆள் வேண்டாம். 1990-இல் பந்தயம் சோழவரத்தை விட்டுத் தென்மேற்கே இருங்காட்டுக்கோட்டைக்கு, தாம்பரம்காரர்களுக்கு எட்டுகிற தூரத்துக்கு, வந்தது. வந்த நேரத்தில் தகட்டுக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. ஸ்டாண்டர்டு தொழிற்சாலையும் அதற்குள் ஓய்ந்துவிட்டது.

அந்தக் கைகளுக்கு மிஞ்சியது பேருந்து. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இதை இன்னும் 'கூண்டு கட்டுதல்' என்றே எழுதுகின்றன. பக்கவாட்டில் அலுமினியத் தகடு, வரிசையாக ரிவெட், மூலையில் மட்டும் கொஞ்சம் வளைவு. அந்த மூலை வளைவையும் இப்போது கரூரிலும் மற்ற இடங்களிலும் கண்ணாடி இழையில் வார்த்து ஒட்டுகிறார்கள். பழைய ஹெரால்டை வைத்துப் பராமரிக்கிறவர்கள் இன்றும் இந்த ஊரில் இருக்கிறார்கள். முன் மட்கார்டு அரித்துப்போனால் கடையில் புதிது கிடைக்காது. பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை என்று பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, "பட்டி போடாம தட்டித் தருவீங்களா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் கிடைக்கிற பதில், பட்டி போட்டால் சாயங்காலமே தந்துவிடுகிறேன் என்பதுதான்.