ஆண்பனையும் பெண்பனையும்: தறிப்பின் ஒரு வரலாறு

பனையை வெட்டுவது என்று எங்கள் முன்னோர் சொல்வதில்லை. தறிப்பது என்பார்கள். 'அவன் வடலியைத் தறிச்சுப்போட்டான்' என்று ஒருவரைப் பற்றிக் கூறினால் அது ஊரில் ஒரு குற்றச்சாட்டு. 'கிழட்டு ஆண்பனை இரண்டைத் தறிச்சவர்' என்றால் வீடு வேயப் போகிறார் என்று பொருள். எதைத் தறிக்கலாம், எதைத் தறிக்கக்கூடாது என்ற கணக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமூக வரலாற்றில் முக்கியமானது. ஆயினும் அதனை யாரும் கோவையாக எழுதியதாக நான் காணவில்லை.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேம்பு, பலா, முதிரை போன்றவற்றில் வைரம் நடுவில் இருக்கும். பனையில் எல்லாம் மறுதலை. கரிய நார்கள் நெருங்கிய வைரம் வெளிப்புறத்தில். உள்ளே மென்மையான சோற்றி. இந்த வேறுபாட்டைத் தொல்காப்பிய மரபியல் கண்டிருக்கிறது. உள்ளே காழுடையதை மரம் என்றும், புறத்தே காழுடையதைப் புல் என்றும் அது வகுக்கிறது. அந்தக் கணக்கில் பனை ஒரு புல். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லைப் போன்ற ஒருவித்திலைத் தாவரமாகவே கொள்கிறது.

இந்தப் 'புல்'லை வீழ்த்துவதற்கு அதனால் தனி முறை வேண்டியிருந்தது. வேம்பைத் தறிப்பவர், விழவேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டுவார். பின்னர் எதிர்ப்பக்கத்தில் அதைவிடச் சற்று உயரத்தில் வெட்டுவார். நடுவே வெட்டாமல் விட்ட மரம் கதவுப் பிணைச்சல் போலப் பிடித்து, மரத்தைத் திசை மாறாமல் சாய்க்கும். பனையில் அந்தப் பிணைச்சலின் நடுப்பகுதி சோற்றியாகிவிடுவதால் இரு ஓரங்களே பாரத்தைத் தாங்கும். ஆகவே வெட்டை மட்டும் நம்புவதில்லை. ஏறத் தெரிந்தவர் முதலில் ஏறி ஓலைகளைக் கழித்து, உயரத்தில் வடம் கட்டிவிட்டு இறங்குவார். மரத்தின் உயரத்தைவிட நீளமான வடமாக அது இருக்க வேண்டும். இழுப்பவர் தலையில் பனை விழக்கூடாதல்லவா? அடியைச் சுற்றித் தோண்டி வேர்களை அறுத்துச் சாய்ப்பதும் உண்டு. மரத்தின் மிகக் கடினமான, விலைமதிப்புள்ள அடித்துண்டு அப்போது வீணாகாது.

விழுத்திய மரத்தைக் குறுக்கே துண்டாக்கத்தான் வாள் பயன்பட்டது. நெடுக்கே அரிவதில்லை, கரிய நார் வாளின் பல்லை மழுக்கிவிடும். நார் நேராக ஓடுவதால் ஆப்புகளை வரிசையாக இறுக்கிக் கோடரிப் பிடரால் அடித்தால் மரம் தானாகப் பிளக்கும். பின்னர் சோற்றியை நீக்கி, வாய்ச்சியால் செதுக்கிச் சிலாகையாக்குவார்கள். இரண்டாகப் பிளந்து குடைந்தால் மழைநீர் வடியும் பீலி. கிணற்றுத் துலாவும் பனைதான். மேல்பகுதியில் வைரம் மெலிந்திருப்பதால் அது நல்ல வேலைக்கு உதவாது.

கூரை வேலையின் சொற்களிலேயே ஆட்சியாளரின் தடம் இருக்கிறது. தீராந்தியும் ரீப்பையும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தருக்கோ பனஞ்சிலாகை ஒரு வணிகப் பண்டம். யாழ்ப்பாணத்துப் பனைமரம் கொழும்புக்கும் சோழமண்டலக் கரைக்கும் கப்பலேறியது. அதே ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை காணியோடு மரங்களின் உரிமையைப் பற்றியும் பேசுகிறது. மரம் இங்கே சொத்து. சீதனத்தில் பனங்காணி எழுதிக்கொடுத்த தலைமுறையினரை நானே கண்டிருக்கிறேன்.

பிரித்தானியர் காலத்தில் வில்லியம் பெர்குசன் 1850இல் பனைக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமேர்சன் ரெனன்ற் 1859இல் வெளியான தமது பெருநூலில் ஒரு சுவையான செய்தி தருகிறார். பெண்பனையின் மரமே கருமையும் கடினமும் பாரமும் கூடியது, விலையும் கூடியது. எனவே வியாபாரிகள் ஆண்பனைத் துண்டுகளைக் கடல்நீரில் ஊறப்போட்டு அந்த அடர்த்திக்கு நெருக்கமாக்கி விற்பார்களாம். எங்கள் வியாபாரிகளின் சாமர்த்தியம் நேற்று இன்று வந்ததல்ல!

சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. நல்ல சிலாகை தருவது பெண்பனை. நுங்கும் பழமும் அதனால் பனாட்டும் கிழங்கும் ஒடியலும் தருவதும் அதே பெண்பனை. அரிசிக் கப்பல் வராத காலங்களில் ஒடியற்கூழே குடாநாட்டைக் காப்பாற்றியது. கூரைக்கு மிகச் சிறந்த மரமும் பசிக்கு மிகச் சிறந்த மரமும் ஒன்றாகவே இருக்கும்போது யார் கோடரியைத் தடுப்பது? வழக்கம் ஓரளவு தடுத்தது. காய்ப்பு ஓய்ந்த முதிர்ந்த பனை, அதன்பின் ஆண்பனை என்ற ஒழுங்கு இருந்தது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரங்களை வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், பலா, ஈரப்பலா ஆகியவற்றோடு பெண்பனையும் அனுமதியின்றித் தறிக்கக்கூடாத மரமாயிற்று. 1978இல் பனை அபிவிருத்திச் சபை உருவானது. சட்டம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் கருத்து. கிழவர்கள் வாயால் சொன்னதை அது எழுத்தில் சொன்னது, அவ்வளவே.

அந்த ஒழுங்கு முற்றாகக் குலைந்தது போர்க்காலத்தில். 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கிய பின்னர் குடாநாட்டுக்குச் சீமெந்தும் இரும்பும் எரிபொருளும் தடைப்பட்டன. வானிலிருந்து குண்டுகள் விழுந்தன. வளவுக்கு வளவு பதுங்குகுழி வெட்டப்பட்டது. அதன்மேல் அடுக்குவதற்குப் பனங்குற்றியைத் தவிர வேறெதுவும் இல்லை. மண்மூட்டைகளும் பனங்குற்றிகளும் எத்தனையோ பேரின் உயிரைக் காத்தன என்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் குற்றி தேடியவருக்கு ஆண், பெண், முதிர்வு பார்க்க அவகாசம் இருக்கவில்லை. அருகில் நின்றது தறிக்கப்பட்டது. படைமுகாம்களின் காவலரண்களுக்கும் விடுதலைப் புலிகளின் அரண்களுக்கும் சென்ற குற்றிகளோ கணக்கில் அடங்காதவை. இரு தரப்புமே அனுமதிப்பத்திரம் கேட்டு வரிசையில் நின்றதில்லை.

2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்த பின்னர், 2009 ஜனவரி வரை முகமாலை, கிளாலி, நாகர்கோவில் பகுதிகள் போர்முனையாக இருந்தன. அங்கே எறிகணைகள் பனைகளின் தலையைக் கொய்தன. பனைக்கு வளரும் குருத்து ஒன்றே ஒன்றுதான். அது போனால் மரமும் போய்விடும். தலையில்லாத அந்தப் பனைகளின் படங்களை உலகமே பார்த்திருக்கும்.

போர் முடிந்தபின் அவற்றைத் தறிப்பது பழைய கைகாரருக்கும் புதிய பாடமாயிற்று. கண்ணிவெடி அகற்றாத நிலத்தில் அடியைத் தோண்ட முடியாது. உச்சியிலிருந்து மழைநீர் இறங்கிச் சோற்றி உக்கிப்போயிருப்பதால் மேலேறி வடம் கட்டவும் முடியாது. கோடரியின் அதிர்ச்சியிலேயே மேல்துண்டு முறிந்து விழலாம். உள்ளே புதைந்த இரும்புச் சிதறலில் இயந்திர வாளின் சங்கிலி அறுந்தால் பிடித்திருப்பவருக்கே ஆபத்து. அரிவதற்கு முன் மரம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று மரக்காலைகளில் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

போர் முடிந்து சில காலத்தின் பின் பளைப் பக்கம் சென்றபோது, மீள்குடியேறிய ஒருவரின் வளவில் நான்கைந்து மொட்டைப் பனைகள் நின்றன. தறிக்க வந்திருந்த முதியவரிடம், "இவற்றில் பெண்பனை எது ஐயா?" என்று கேட்டேன். அவர் அண்ணாந்து பார்த்தார். பாளையும் இல்லை, குலையும் இல்லை. "ஓலை இல்லாட்டி ஆணென்ன பெண்ணென்ன தம்பி, தறிச்சாப் பிறகு நிறத்தைப் பார்த்துத்தான் சொல்லவேணும்" என்றார். கோடரிப் பிடரால் அடிமரத்தைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, எங்களை விலகி நிற்கும்படி கையைக் காட்டினார்.