அப்பாவோட டேஷ்கேமைக் கொன்னது யாரு?

இந்த எபிசோட் ஒரு குற்ற உணர்ச்சியில ஆரம்பிக்குது.

போன மே மாசம், ஒரு மேம்பாலத்து ஏத்தத்துல அப்பாவோட காருக்கு முன்னாடி நின்ன ஆட்டோ பின்னாடி உருண்டு வந்து பம்பர்ல இடிச்சுது. இறங்கினவர், "நீங்கதான் சார் வந்து இடிச்சீங்க"ன்னுட்டார். கூட்டம் கூடிடுச்சு. அப்பா ரொம்ப நிதானமா, "கேமரா இருக்கு தம்பி, பாத்துடலாம்"னு சொன்னார். கேமராவைப் பார்த்தா முதுகு உப்பிப்போய் கிடக்குது. கடைசி வீடியோ மூணு வாரத்துக்கு முன்னாடி எடுத்தது. 2,000 ரூபாய் கொடுத்துட்டு வந்தார். "காசு போகட்டும்டா. அத்தனை பேர் முன்னாடி நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சே"ன்னார். அந்தக் கேமரா நான் வாங்கிக் கொடுத்தது. ஆன்லைன்ல இருந்ததுலயே மலிவா பார்த்து.

அது ஏன் செத்துச்சுன்னு தேடப்போய்தான் இந்த வரலாறு கிடைச்சுது.

வண்டி முன்னாடி கேமரா வைக்கிற யோசனை நூறு வருஷத்துக்கும் பழசு. 1907-ல வில்லியம் ஹார்பெக்னு ஒரு அமெரிக்கர், கனடாவின் வான்கூவர் நகரத்துல டிராம் வண்டி முன்னாடி கேமராவை வச்சு தெருக்களைப் படம் பிடிச்சார். (இவர் 1912-ல டைட்டானிக் கப்பல்ல இறந்துபோனவர்.) 1980-கள்ல அமெரிக்க போலீஸ் வண்டிகளுக்கு கேமரா வந்துச்சு, குடிச்சிட்டு ஓட்டுறவங்க மேல போடுற வழக்குக்கு ஆதாரம் வேணும். டிக்கியில வி.எச்.எஸ். கேசட் ரெக்கார்டர் ஓடும். அது கார் பேட்டரியிலேயே ஓடிச்சு.

உலகமே டேஷ்கேமைத் திரும்பிப் பார்த்தது 2013 பிப்ரவரி 15 அன்னைக்கு. ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்து மேல ஒரு விண்கல் வெடிச்சுது. கண்ணாடி நொறுங்கி விழுந்ததுலதான் பெரும்பாலும், சுமார் 1,500 பேருக்குக் காயம். போலி விபத்து, இன்சூரன்ஸ் மோசடிக்குப் பயந்து ஏற்கெனவே டேஷ்கேம் மாட்டியிருந்த டிரைவர்கள் பலர்கிட்ட அந்தக் காட்சி இருந்துச்சு. விஞ்ஞானிகள் அந்த வீடியோக்களை வச்சே கல் வந்த பாதையைக் கணக்கு போட்டாங்க.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு: அது உறைபனிக் காலம். நம்ம கதை வேற.

2018-ல வெளியான ஓர் ஆய்வுக்காக அரிசோனாவின் டெம்பி நகரத்துல ஆராய்ச்சியாளர்கள் வெயில்ல கார்களை நிறுத்திப் பார்த்தாங்க. வெளியே 38 டிகிரி செல்சியஸுக்கு மேல. ஒரு மணி நேரத்துல டேஷ்போர்டு சராசரியா 69 டிகிரி! நிழல்ல நிறுத்தினாக்கூட 48. நம்ம கத்திரி வெயிலும் அதுக்குச் சளைச்சதில்ல. 2003 மே மாசம் சென்னை 45 டிகிரியைப் பார்த்த ஊர்.

மலிவு டேஷ்கேம்கள்ல இருக்கிறது சின்ன லித்தியம் பேட்டரி. சோனி 1991-ல சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயன் குடும்பம். பொதுவா 45 டிகிரிக்கு மேல அதை சார்ஜ் பண்ணக்கூடாது. நாமளோ, வெந்துபோன காரை ஸ்டார்ட் பண்ணின அடுத்த நொடியே சார்ஜ் ஏத்துறோம். உள்ளே வாயு உண்டாகி உப்பிடுது.

சரி, கார்ல கரண்ட் இருக்கும்போது பேட்டரி எதுக்கு? வண்டியை ஆஃப் பண்ணினதும் கரண்ட் நின்னுடும். வீடியோ ஃபைலோட பொருளடக்கத்தைப் பெரும்பாலும் கடைசியிலதான் எழுதுவாங்க. அது எழுதப்படலைன்னா ஃபைல் திறக்காது. அதுக்குத் தேவை சில நொடி மின்சாரம், அவ்வளவுதான்.

அந்த வேலைக்கான பொருள் எப்பவோ வந்தாச்சு. 1957-ல ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஹோவர்ட் பெக்கர், நுண்துளை உள்ள கார்பனை வச்சு ஒரு கபாசிட்டருக்கு காப்புரிமை வாங்கினார். 70-கள்ல ஜப்பானின் என்.இ.சி. அதே வகையை 'சூப்பர் கபாசிட்டர்'னு வித்துச்சு. எதுக்குத் தெரியுமா? கரண்ட் போனா கணினியோட மெமரி அழியாம இருக்க! டேஷ்கேம்லயும் அச்சு அசல் அதே வேலைதான். பேட்டரி மாதிரி ரசாயன மாற்றத்தை நம்பி இல்லாம, கார்பன் மேற்பரப்புல மின்னூட்டத்தைப் பிடிச்சு வைக்குது. அதனால 65, 70 டிகிரி வரைக்கும் தாங்குற மாதிரி செய்ய முடியுது. சாகாவரம் இல்ல; சூட்டுல அதோட ஆயுளும் குறையும். ஆனா உப்பிப்போற பயம் ரொம்பக் கம்மி.

இந்தத் தடவை என் பட்ஜெட் 5,000 ரூபாய். முதல்ல விவரப் பட்டியல்ல 'சூப்பர் கபாசிட்டர்'னு எழுதியிருக்கான்னு பார்த்தேன். எழுதலைன்னா பேட்டரின்னே எடுத்துக்கிட்டேன். அடுத்து, இயங்கும் வெப்பநிலை குறைஞ்சது 65 டிகிரி. மூணாவது, திரும்பத் திரும்ப எழுதினாலும் தாங்குற 'ஹை எண்டியூரன்ஸ்' மெமரி கார்டு. 4கே-வை விட்டுட்டேன், 1080பி போதும். ஒரு குறை உண்டு: தனியா வயர் இழுக்காம, நிறுத்தின வண்டியை இது காவல் காக்காது. அப்பா கிட்ட அதைச் சொல்லிட்டேன்.

இன்னொண்ணும் சொன்னேன்: மாசம் ஒரு தடவை கடைசி வீடியோவைத் திறந்து தேதியைப் பாருங்கப்பா. இப்போ ஒண்ணாம் தேதி ஆனா, "ஓடுதுடா"ன்னு ஒரு மெசேஜ் வருது.

உங்க கார்ல இருக்கிறதை இன்னைக்கே ஒரு தடவை பார்த்துடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!