கடன் அட்டையும் கள்ளக் கையும்



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் உங்கள் நினைவிற்கு வருதல் இயல்பு. நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றையே கற்பித்தேன். ஆயினும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பொருளுக்கும் வரலாறு உண்டு. அது வீரத்தின் வரலாறன்று, நம்பிக்கையின் வரலாறு, அந்நம்பிக்கையைத் திருடியவர்களின் வரலாறு. கடன் அட்டையைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

கடன் வாங்குதல் புதிய வழக்கமன்று. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெரு மளிகைக் கடையில் வீட்டுக்கொரு பற்று நோட்டு இருக்கும். கடைக்காரர் என் முகத்தைப் பார்ப்பார். இன்னாருடைய பிள்ளை என்று அறிவார். அரிசியும் பருப்பும் அளந்து கொடுத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். அங்கே முகமே பிணை. முன்பின் அறியாத ஊரில், முன்பின் அறியாத வணிகர் நமக்குக் கடன் கொடுப்பாரா? கொடுக்கமாட்டார். முகத்தின் இடத்தில் ஓர் அட்டையை வைத்து, அவரையும் கொடுக்கச் செய்ததே கடன் அட்டையின் புதுமை. முகத்தைத் திருட முடியாது; அட்டையைத் திருடலாம். மோசடி நுழைந்த வாயில் அதுவே.

1950-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிராங்க் மக்நமாரா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 'டைனர்ஸ் கிளப்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். உணவு விடுதிகளில் கையில் பணமின்றி உண்டு, மாத முடிவில் மொத்தமாகச் செலுத்த அது வழி செய்தது. முதலில் வழங்கப்பட்டவை வெறும் காகித அட்டைகளே.

அதன்பின் 1958 செப்டம்பரில் நிகழ்ந்தது ஒரு பெரிய சோதனை. கலிபோர்னியாவில் பிரெஸ்னோ என்று ஓர் ஊர். அவ்வூர் மக்களுக்கு 'பாங்க் ஆப் அமெரிக்கா' என்னும் வங்கி ஏறத்தாழ 60,000 கடன் அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. யாரும் விண்ணப்பிக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. கடிதத்தைப் பிரித்தால் உள்ளே அட்டை! பின்னர் மாநிலம் முழுவதும் இவ்வாறே அட்டைகள் பரவின. இத்திட்டத்தை வகுத்த ஜோசப் வில்லியம்ஸ் மக்களின் நேர்மையில் பெருநம்பிக்கை உடையவர். நூற்றுக்கு 4 பேரே தவணை தவறுவர் என்று வங்கி கணக்கிட்டிருந்தது. நடந்தது என்ன? நூற்றுக்கு 22 கணக்குகளுக்கு மேல் பாக்கி விழுந்தன. அட்டைகள் திருடப்பட்டன, பிறர் பெயரில் பொருள்கள் வாங்கப்பட்டன. காவல் துறையினர் அதுவரை கண்டிராத ஒரு புதுக் குற்றத்தைக் கண்டு திகைத்தனர். வங்கி ஒப்புக்கொண்ட நட்டமே 88 லட்சம் டாலருக்கு மேல். வில்லியம்ஸ் 1959-இல் பதவி விலகினார்.

அந்தப் பாடத்தைப் பிற வங்கிகள் கற்றனவா? இல்லை. 1966-இல் சிகாகோ நகரப் பகுதியின் வங்கிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு லட்சக்கணக்கான அட்டைகளைத் தபாலில் அனுப்பின. அவற்றுள் சில குழந்தைகளின் பெயருக்குச் சென்றன. சில இறந்தவர்களின் பெயருக்குச் சென்றன. பல வழியிலேயே களவு போயின. கேட்காத அட்டைக்கு, வாங்காத பொருளுக்கு, வீட்டிற்குப் பட்டியல் வந்தால் குடும்பத்தலைவர் என்ன செய்வார்? இறுதியில் 1970-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. கேளாதவர்க்கு அட்டை அனுப்பலாகாது; களவுபோன அட்டையால் விளையும் நட்டத்தில் 50 டாலருக்கு மேல் அட்டைக்குரியவர்மீது சுமத்தலாகாது என்பன அதன் விதிகள். இதன் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். நட்டம் தன் தலையில் விழும் என்று தெரிந்த பிறகே வங்கி வலிய பூட்டுகளைத் தேடும் அன்றோ?

அப்பூட்டுகள் எவை? முற்காலத்தில், களவுபோன அட்டைகளின் எண்களைச் சிறு புத்தகமாக அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்பினர். கடைக்காரர் பக்கம் பக்கமாகத் தேடவேண்டும். புத்தகம் அச்சேறி வருவதற்குள் திருடன் நான்கு கடை ஏறி இறங்கியிருப்பான்! 1970-களில் கணிப்பொறிகள் அந்த வேலையை ஏற்றன. ஒப்புதல் விரைவாகக் கிடைத்தது. அட்டையின் பின்புறம் காந்தப் பட்டை வந்தது. ஆனால் அதிலுள்ள செய்தி என்றும் மாறாதது. எனவே அதைப் படியெடுத்துப் போலி அட்டை செய்தல் எளிதாயிற்று. பின்னர் அட்டைக்குள் சிறு 'சிப்' ஒன்றைப் பதித்தனர். அது ஒவ்வொரு முறையும் புதிய விடையைக் கணக்கிட்டுச் சொல்லும். ஆகவே பழைய விடையைத் திருடிப் பயனில்லை. பிரான்சு நாட்டு வங்கி அட்டைகள் 1992-க்குள்ளாகவே இம்முறைக்கு மாறின. நம் நாட்டில் 2018 இறுதிக்குள் பழைய அட்டைகளை மாற்றுமாறு ரிசர்வ் வங்கி ஆணையிட்டது.

கணக்கு ஆசிரியன் என்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஒரு காவலாளி. ஹான்ஸ் பீட்டர் லூன் என்ற பொறியியலறிஞர் வகுத்த முறை இது; 1960-இல் காப்புரிமை பெற்றது. 45724 என்று ஓர் எண் கொள்வோம். வலமிருந்து இரண்டாவது, நான்காவது இலக்கங்களை இரட்டியுங்கள். ஈரிலக்கம் வந்தால் அவ்விரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். 2 என்பது 4 ஆகும். 5 என்பது 10 ஆகிப் பின் 1 ஆகும். இப்போது 4, 1, 7, 4, 4 ஆகியவற்றைக் கூட்டினால் 20. பத்தால் மீதியின்றி வகுபடுகிறது. ஆகவே எண் சரி. ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதிப் பாருங்கள். கணக்கு உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் இது கைப்பிழையைப் பிடிக்கும் காவலாளியே, கள்ளனைப் பிடிப்பதன்று. கள்ளனுக்கும் கூட்டல் தெரியும்!

ஒரு கதவைப் பூட்டினால் திருடன் வேறு கதவைத் தேடுகிறான். எல்லாப் பூட்டுகளும் வலுப்பெற்றபின் எஞ்சிய கதவு மனித மனம். அக்கதவை நானே திறந்துவிட்ட கதையைச் சொல்ல எனக்குக் கூச்சமே; ஆயினும் சொல்லுதல் கடமை.

சில ஆண்டுகளுக்குமுன் ஒரு பிற்பகலில் தொலைபேசி ஒலித்தது. "ஐயா, வணக்கம், வங்கியிலிருந்து பேசுகிறேன். இன்று மாலைக்குள் சரிபார்க்காவிட்டால் உங்கள் அட்டை முடங்கிவிடும்" என்றது ஒரு பணிவான குரல். என் பெயரைச் சரியாகச் சொன்னது. நான் அட்டை எண்ணைச் சொன்னேன். பின்புறமுள்ள மூன்று இலக்கங்களைச் சொன்னேன். கைப்பேசிக்கு வந்த ஒருமுறைக் கடவு எண்ணையும் சொன்னேன். 9,000 ரூபாய் போயிற்று. வினாத்தாளை இருமுறை படித்தபின் விடை எழுதுங்கள் என்று ஆயிரம் முறை சொன்னவன், வந்த குறுஞ்செய்தியை ஒருமுறைகூடப் படிக்கவில்லை! அந்த எண்ணை எவரிடமும் சொல்லாதீர் என்று அதிலேயே எழுதியிருந்தது.

அதனினும் பெரிய பிழை அடுத்து நிகழ்ந்தது. வெட்கத்தால் நான் யாரிடமும் சொல்லவில்லை. தலைமையாசிரியர் ஏமாந்தார் என்று ஊர் நகைக்குமே என்று அஞ்சினேன். சிங்கப்பூரிலுள்ள மகனைக் காணச் சென்றபோது அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்திருந்தேன்; திரும்பியபின் மூடவில்லை. அன்றிரவு, கடவு எண் கேளாத ஓர் அயல்நாட்டு இணையக் கடையில் மேலும் 15,000 ரூபாய் போயிற்று. காலையில் என் முகத்தைக் கண்ட மருமகள், "என்ன மாமா, உடம்புக்கு ஏதாவது?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் நகைக்கவில்லை. உடனே வங்கிக்குத் தொலைபேசி செய்து அட்டையை முடக்கினாள்.

வாடிக்கையாளரின் கவனக்குறைவால் விளைந்த நட்டத்தை, அவர் தெரிவிக்கும்வரை அவரே ஏற்கவேண்டும். தெரிவித்தபின் விளைவதை வங்கி ஏற்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இல் ஆணை வகுத்திருந்தது. முதல் 9,000 என் அறியாமைக்கு நான் கொடுத்த விலை. அடுத்த 15,000 என் வெட்கத்திற்குக் கொடுத்த விலை. அன்று பிற்பகலே வாய் திறந்திருந்தால் அது என்னுடையதாகவே இருந்திருக்கும்.

ஆகவே மாணவச் செல்வங்களே, சிலவற்றை மனத்தில் இருத்துங்கள். எந்த வங்கியும் தொலைபேசியில் கடவு எண் கேட்பதில்லை. அவசரப்படுத்தும் குரல் எதுவாயினும் ஐயுறுங்கள். தொடர்பைத் துண்டித்து, அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். வெளிநாட்டுப் பயன்பாடு தேவையில்லாதபோது மூடிவையுங்கள். மாதப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். பெருந்தொகையைத் திருடுமுன் சிறு தொகையால் சோதித்துப் பார்ப்பது கள்ளர் வழக்கம். தவறு நேர்ந்தால் வங்கிக்கும், 1930 என்னும் உதவி எண்ணுக்கும் உடனே தெரிவியுங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர் ஏமாந்துவிட்டேன் என்று சொன்னால், நகைக்காதீர்கள், கடிந்துகொள்ளாதீர்கள். நீங்கள் நகைப்பீர்கள் என்ற அச்சமே அவர் வாயை அடைக்கும். அவர் மௌனமே கள்ளனுக்குக் கால அவகாசம் தரும். பிரெஸ்னோவில் நேர்மையாளர்களின் நம்பிக்கை தவறன்று. காவலின்றி விட்டதே தவறு. நம்பிக்கையையும் காவலையும் ஒருங்கே வைத்துக் கொள்ளுங்கள்.