பட்ட பைன் மரத்துக் கோவில்

ஜப்பானின் நாகசாகி நகரைச் சார்ந்த கடலோர மலைப்பகுதி சோட்டோமே. அங்கே குரோசாக்கி என்னும் சிற்றூருக்கு மேலே, காட்டினூடே ஏறும் ஒற்றையடிப் பாதையின் முடிவில் சிறிய ஷிண்டோ கோவில் ஒன்று நிற்கிறது. பெயர் கரேமட்சு; பட்டுப்போன பைன் மரம் என்று பொருள். மலையையோ, அருவியையோ, முன்னோரையோ போற்றுவது ஷிண்டோ மரபு. இக்கோவிலில் போற்றப்படுபவரோ சான் ஜிவான். நம் பாட்டன்மார் அருளப்பர் என்று அழைத்த யோவானின் பெயரே ஜப்பானியர் நாவில் ஜிவான் ஆயிற்று. ஆம், வேற்று நாட்டிலிருந்து வந்து இம்மலையில் மறைந்து வாழ்ந்ததாகக் கருதப்படும் கத்தோலிக்கப் போதகர் ஒருவருக்கு எழுந்த ஷிண்டோ கோவில் இது. இத்தகையவை ஜப்பானிலேயே மிகச் சிலதான் உள்ளன.

இது எங்ஙனம் நேர்ந்தது? முத்துக்குளித்துறையில் நம் மக்களிடையே உழைத்த புனித சவேரியார் 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். அவர் விதைத்தது விரைவில் செழித்தது. ஆனால் 1614இல் தோக்குகாவா அரசு மறையை நாடெங்கும் தடை செய்தது. 1644இல் எஞ்சியிருந்த கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு பௌத்த ஆலயத்தில் பெயரைப் பதிந்தாக வேண்டும். திருவுருவங்களைக் காலால் மிதித்து, தாம் கிறிஸ்தவர் அல்லர் எனக் காட்டவும் வேண்டும்.

குருக்கள் இல்லை, நற்கருணை இல்லை. எல்லாவற்றினும் பெரிய துயரம், பாவசங்கீர்த்தனம் இல்லை. மிதித்தவன் அன்றிரவு யாரிடம் போய் அழுவான்? சோட்டோமே மக்களிடம் இதற்கு ஒரு விடை இருந்தது. அதன் பெயர் கொஞ்சிரிசான். நாம் சொல்லும் உத்தம மனஸ்தாபம். அதை விளக்கும் 1603ஆம் ஆண்டின் சிறு நூலொன்றைக் கையால் படியெடுத்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். சான் ஜிவானின் சீடர் எனப்படும் பஸ்தியான் என்ற ஜப்பானிய உபதேசியார் விட்டுச்சென்ற திருநாள் நாட்காட்டியும் அவர்களிடம் இருந்தது. ஏழு தலைமுறைகள் கடந்தபின் கப்பலில் குருக்கள் வருவர், அப்போது வாரந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று அவர் முன்னுரைத்ததாக மரபு.

கோவிலுக்குச் செல்லும் வழியில் பெரும் பாறை ஒன்று உள்ளது. தவக்கால இரவுகளில் அதன் மறைவில் கூடி, 'ஒராஷோ' எனப்படும் செபங்களைப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடமாகக் கற்பித்தனர் என்பர். ஏட்டில் எழுதினால் சிக்கிவிடும் அல்லவா! லத்தீனும் போர்த்துக்கீசியமும் ஜப்பானியமும் கலந்து மழுங்கிய அச்சொற்களின் பொருள் பிற்காலத்தில் சொல்பவருக்கே தெரியாமற் போயிற்று. ஆனால் சிலுவைக்கு அவர்கள் வழங்கிய சொல் 'குருசு'. நம் கடற்கரை ஊர்களிலும் அதே சொல்தானே!

1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் புதிதாக எழுந்த ஓவுரா ஆலயத்தில், உராக்காமி ஊரார் சிலர் பிரெஞ்சுக் குரு பெத்தித்ஜானிடம் தங்கள் விசுவாசத்தை வெளியிட்டனர். 1873இல் தடைப் பலகைகள் அகற்றப்பட்டன. பஸ்தியானின் வாக்கு பலித்தது எனலாம்.

ஆனால் உண்மையான துயரம் அதன் பின்னரே தொடங்கியது என்பேன். பலர் குருக்களிடம் திரும்பினர், மற்றவர்கள் மறுத்தனர். இருநூறு ஆண்டுகள் உயிரைப் பணயம் வைத்துக் காத்த செபங்களை விட்டுவிட்டு, அந்நியரிடம் புதிதாக ஏன் கற்க வேண்டும் என்று அவர்கள் எண்ணினர். தங்களைக் காட்டிக்கொடுக்காமல் காத்த தெம்புக்குஜி என்ற பௌத்த ஆலயத்துக்கு நன்றிக்கடனாக அங்கேயே தங்கிய குடும்பங்களும் உண்டு. இவ்வாறு ஒரே ஊரார், ஒரே இரத்தத்தார், மூன்றாகப் பிரிந்தனர். இவர்களுள் யாரை விசுவாசத்தில் குறைந்தவர் என்று சொல்வது? எனக்குத் துணிவில்லை.

கரேமட்சுவைச் சுற்றி, பெயர் பொறிக்காத தட்டையான கற்கள் பாசி படர்ந்து கிடக்கின்றன. அவை முன்னோரின் கல்லறைகள். மூன்று பிரிவினருக்கும் பொதுவானவை. 2000ஆம் ஆண்டில் முதன்முறையாக மூன்று பிரிவினரும் இக்கோவிலில் ஒன்றாக விழாக் கொண்டாடினர். முன்னோருக்காகக் கத்தோலிக்கக் குரு திருப்பலி நிறைவேற்ற, மறைந்து வாழ்ந்த மரபில் வந்தோர் தம் ஒராஷோவை ஓதினர், காட்டில் அனைவரும் கேட்கும்படி.