மேலிருந்து வந்தவர்கள்

காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலை முற்றத்தில் குவித்த பொதிகளின் மேல் நாயும் ஆட்டுக்கடாவும் ஏறித் துள்ளுவதைப் பட்டினப்பாலை மலையில் உலவும் வருடைக்கு ஒப்பிடுகிறது. கடற்கரை நகரைப் பாடிய புலவருக்கும் அவ்விலங்கின் துள்ளல் தெரிந்திருக்கிறது. அந்த வருடையை இன்றைய வரையாடு என்றே அறிஞர் பலர் கொள்வர்.

வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே, அக்காமலைப் புல்வெளிகளில் வரையாடுகள் இன்றும் மேய்கின்றன. ஒளிந்துகொள்ள மரமில்லாத அத்திறந்த வெளியில் வேட்டையாடி எவ்வாறு நெருங்கினான்? மந்தை மேயும்போது ஒன்றிரண்டு ஆடுகள் பாறை விளிம்பில் நின்று பள்ளத்தாக்கை நோட்டமிடும். ஆபத்து கீழிருந்தே வரும் என்பது அவற்றின் பழக்கம். ஆகவே வேட்டையாடி விடியுமுன் சுற்றுவழியில் முகடேறி, எதிர்க்காற்று முகத்திலடிக்க, மேலிருந்து கீழ்நோக்கி ஊர்ந்தான். குண்டுபட்ட ஆடு செங்குத்தில் உருண்டால் இறைச்சியும் இல்லை, கொம்பும் இல்லை. அது நல்ல தளத்திற்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

டக்ளஸ் ஹாமில்டன், 1911இல் நூல் வெளியிட்ட பிளெட்சர் போன்றோர் இவ்வேட்டையை விரிவாக எழுதினர். முதுகு வெளுத்த முதிய கிடாவே அவர்கள் நாடிய பரிசு. 'சாடில்பேக்' என்று அதை அழைத்தனர். நீலகிரியில் 1877இல் வேட்டைவிலங்குச் சங்கமும், 1879இல் வேட்டையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தன. சுடுவதற்கு விலங்கு மிஞ்சவேண்டும் என்ற கவலையும் காப்புணர்வும் அங்கே பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. அக்காமலையை அடுத்த இரவிகுளத்தைத் தோட்டத் துரைமார் தம் வேட்டைக்காடாகவே காத்தனர். அது 1975இல் சரணாலயமும் 1978இல் தேசியப் பூங்காவும் ஆயிற்று. 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வரையாட்டைச் சுடுவது குற்றம்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. முகட்டு வழியையும் காற்றின் போக்கையும் துரைக்குக் காட்டியவர் யார்? உயர்மலையில் முதுவர்களே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் இருந்தனர். நூல்களில் துரைக்குப் பெயரும் பட்டமும் உண்டு. துப்பாக்கிக்குக்கூட விவரம் உண்டு. முன்னால் ஊர்ந்தவரோ பெரும்பாலும் தம் குலப்பெயரால் மட்டுமே குறிக்கப்படுகிறார். வேட்டை வரலாறு என்று நாம் படிப்பது, கற்றுக்கொண்டவர் எழுதியது. கற்பித்தவர் சொன்னது அன்று.

தமிழகத்தில் 2024இல் 1,031 ஆகக் கணக்கிடப்பட்ட வரையாடுகள், 2025 கணக்கெடுப்பில் 1,303 ஆயின. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் கொண்டையூசி வளைவுகளில் அவை சாலையோரமே வந்து நிற்பதும் உண்டு. ஒருகாலத்தில் பொழுதெல்லாம் ஊர்ந்து அடைந்த தூரத்தில் இன்று பயணிகள் படம் எடுக்கின்றனர், தின்பண்டமும் நீட்டுகின்றனர். மனிதனைக் கண்டு விலகத் தெரிந்ததால் பிழைத்த விலங்கு அது. அந்த விலகலை மதிக்கும் பாடத்தை, பெயரற்றுப்போன அவ்வழிகாட்டிகளிடமிருந்து நாம் இன்னும் கற்கவில்லை.