பஞ்சி ஜம்பிங்: காட்டுக்கொடி முதல் ரப்பர் கயிறு வரை

உயரமான பாலத்தின் விளிம்பில் நின்று, கணுக்காலில் கட்டிய ரப்பர் கயிற்றை நம்பித் தலைகீழாகக் குதிப்பதற்குப் பெயர் பஞ்சி ஜம்பிங். டிவியிலும் சினிமாவிலும் எல்லோரும் பார்த்திருப்போம். "இவங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?" என்று கேட்டுவிட்டு சேனலை மாற்றியும் இருப்போம் :)

ஆனால் இந்தக் குதிப்புக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பசிபிக் தீவு வருகிறது, ஒரு ராணி வருகிறார், கோட்டு சூட்டு போட்ட ஆக்ஸ்ஃபோர்டு நண்பர்கள் வருகிறார்கள், கடைசியில் டிக்கெட் விற்கும் ஒரு நியூசிலாந்துக்காரரும் வருகிறார். குதித்தவர்களின் தைரியத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் இங்கே சொல்ல வருவது வேறு ஒரு ஆளைப் பற்றி. கயிற்றைப் பார்த்து "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லக்கூடியவர். அவர் சொல் எடுபட்டதா இல்லையா என்பதை வைத்துத்தான் இந்த வரலாற்றில் பல உயிர்கள் தப்பியிருக்கின்றன, சில போயிருக்கின்றன.

தீவில் தொடங்கிய கதை

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் பெருங்கடலில் வனுவாட்டு என்ற தீவு நாடு இருக்கிறது. 1980ல் விடுதலை பெறும் வரை அதன் பெயர் நியூ ஹெப்ரைட்ஸ். பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து ஆண்ட விசித்திரமான காலனி அது. அங்கே பெந்தகொஸ்து என்றொரு தீவு. அதன் தென்பகுதி மக்கள் ஆண்டுதோறும் 'நகோல்' என்ற சடங்கை நடத்துகிறார்கள்.

மரங்களையும் கொடிகளையும் வைத்தே 20 முதல் 30 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் எழுப்புகிறார்கள். அதில் பல உயரங்களில் சிறு சிறு மேடைகள். சிறுவர்கள் கீழ் மேடையிலிருந்தும், அனுபவசாலிகள் உச்சியிலிருந்தும், இரண்டு கணுக்கால்களிலும் காட்டுக்கொடியைக் கட்டிக்கொண்டு தலைகீழாகக் குதிக்கிறார்கள். கீழே வலை கிடையாது. மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். குதிப்பவரின் தோள் தரையை லேசாக உரசிவிட்டு மேலெழ வேண்டும். நன்றாகக் குதித்தால் அந்த ஆண்டு வள்ளிக்கிழங்கு விளைச்சல் செழிக்கும் என்பது நம்பிக்கை.

இதன் பின்னால் ஒரு கதை சொல்கிறார்கள். கணவனின் தொல்லை தாங்காமல் ஓடிய ஒரு பெண் ஆலமரத்தின் உச்சியில் ஏறிக்கொண்டாளாம். அவன் துரத்திக்கொண்டு மேலே வந்ததும் அவள் குதித்துவிட்டாள். அவனும் பின்னாலேயே குதித்தான். அவள் காலில் கொடி கட்டியிருந்தது, அவன் காலில் இல்லை. அவள் பிழைத்தாள், அவன் செத்தான். இன்னொரு முறை ஏமாறக்கூடாது என்று ஆண்கள் குதித்துப் பழக ஆரம்பித்தார்களாம்! இன்றும் கோபுரத்தில் ஏறுவது ஆண்கள் மட்டுமே. பெண்கள் கீழே நின்று பாடி ஆடி உற்சாகப்படுத்துகிறார்கள்.

கவனிக்க வேண்டியது அந்தக் கொடியைத்தான். ஒவ்வொருவரின் எடைக்கும் ஏற்றபடி பெரியவர்கள் கொடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அளவுகோலும் இல்லை, தராசும் இல்லை. கையால் தொட்டே கணக்கிடுகிறார்கள். கொடி கொஞ்சம் நீண்டுவிட்டால் தலை மண்ணில் மோதும். காய்ந்துவிட்டால் அறுந்துபோகும். மழைக்காலம் முடிந்த ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில்தான் கொடி போதுமான ஈரத்தோடும் இழுவையோடும் இருக்கும். அதனால்தான் சடங்கும் அந்த மாதங்களில். நாம் இன்று 'பாதுகாப்பு விதி' என்று சொல்வதை அவர்கள் பருவமாகவே வைத்திருந்தார்கள்.

ராணிக்காக ஒரு குதிப்பு

1974 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ராணி இரண்டாம் எலிசபெத் அந்தத் தீவுகளுக்கு வந்தார். ராணிக்குக் காட்ட ஏதாவது பிரமாதமாக வேண்டும் என்று காலனி நிர்வாகம் விரும்பியது. நகோல் ஏற்பாடானது.

பிப்ரவரி என்றால் பருவத்துக்கு முன்பே. கொடி இன்னும் சரியான பதத்துக்கு வராத காலம். பருவம் தெரிந்தவர்கள் அந்த ஊரிலேயேதான் இருந்தார்கள். ஆனால் தேதியை முடிவு செய்தது கொடியின் பதம் அல்ல, ராணியின் பயண அட்டவணை. குதித்தவர்களில் ஒருவருக்குக் கொடி தாங்கவில்லை. முதுகெலும்பு முறிந்து, பின்னர் இறந்துபோனார். ராணி நேரில் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது.

பஞ்சி ஜம்பிங் வரலாற்றைச் சொல்லும் பலர் இந்தச் சம்பவத்தை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ இதுதான் மொத்த வரலாற்றின் மையம் என்று படுகிறது.

ஆக்ஸ்ஃபோர்டு நண்பர்களின் ஏப்ரல் ஃபூல்

பெந்தகொஸ்து தீவின் குதிப்பு அதற்கு முன்பே வெளியுலகுக்குத் தெரிந்திருந்தது. 1960ல் டேவிட் அட்டன்பரோ பிபிசிக்காக எடுத்த தொடரிலும் அது வந்தது. அந்தப் படக்காட்சிகளைப் பார்த்து, "நாமும் ஏன் செய்யக்கூடாது?" என்று கிளம்பியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 'டேஞ்சரஸ் ஸ்போர்ட்ஸ் கிளப்' நண்பர்கள்.

அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் பிரிஸ்டல் நகரின் கிளிஃப்டன் தொங்கு பாலம். 1864ல் திறக்கப்பட்ட பழைய பாலம். கீழே ஏவான் நதி சுமார் 75 மீட்டர் ஆழத்தில் ஓடுகிறது. தேர்ந்தெடுத்த நாள் 1979 ஏப்ரல் 1. டேவிட் கெர்க் என்பவர் உயரத் தொப்பியும் கோட்டும் அணிந்து, கையில் ஷாம்பெயின் பாட்டிலோடு முதலில் குதித்தார். நண்பர்கள் மூவர் பின்னாலேயே குதித்தார்கள். கயிற்றை முன்கூட்டியே சோதித்துப் பார்க்கவில்லை! எல்லோரும் உயிரோடு மேலே வந்தார்கள். போலீஸ் கைது செய்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் கோல்டன் கேட் பாலத்திலிருந்தும் குதித்தார்கள். கெர்க் 2023ல் காலமானார்.

நவீன பஞ்சி ஜம்பிங் இங்கேதான் பிறந்தது என்பார்கள். கொடி போய் ரப்பர் வந்தது, கோபுரம் போய் பாலம் வந்தது. ஆனால் கொடியைத் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பெரியவருக்குப் பதிலாக யார் வந்தார்? அன்றைக்கு யாரும் வரவில்லை. அதிர்ஷ்டம் மட்டும் வந்தது.

சோதனைச்சாலைக்குப் போன கயிறு

அந்த இடத்தை நிரப்பியவர்கள் நியூசிலாந்துக்காரர்கள். கிளிஃப்டன் குதிப்பின் வீடியோவைப் பார்த்த கிறிஸ் சிகிள்கோவும் அவரது நண்பர் ஏ.ஜே.ஹாக்கெட்டும் கயிற்றை ஒரு ஆய்வுப் பொருளாகவே எடுத்துக்கொண்டார்கள். அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையின் உதவியோடு ரப்பரைச் சோதித்தார்கள். எவ்வளவு எடைக்கு எவ்வளவு நீளும், எத்தனை முறை நீட்டினால் தளரும் என்றெல்லாம் கணக்கெடுத்தார்கள். 1986ல் ஆக்லாந்து பகுதியில் ஒரு பாலத்திலிருந்து குதித்துப் பார்த்தார்கள்.

1987 ஜூனில் ஹாக்கெட் பாரிஸ் போனார். நண்பர்களோடு இரவில் ஈஃபிள் கோபுரத்தில் ஒளிந்திருந்து, விடிந்ததும் சுமார் 110 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தார். போலீஸ் பிடித்தது, சற்று நேரத்தில் விட்டுவிட்டது. ஆனால் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. நான் படிப்பது பி.காம் என்பதால் இதை ஒரு விளம்பரமாகத்தான் பார்க்கத் தோன்றுகிறது. செலவில்லாமல் இதைவிடப் பெரிய விளம்பரம் யாருக்குக் கிடைக்கும்?

1988 நவம்பரில் ஹாக்கெட்டும் ஹென்றி வான் ஆஷும் குயீன்ஸ்டவுன் அருகே கவாராவ் பாலத்தில் கடையைத் திறந்தார்கள். 1880ல் கட்டப்பட்ட பாலம், 43 மீட்டர் உயரம். அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை கொடுத்தது வெறும் 30 நாள் அனுமதிதான். முதல் நாள் 28 பேர் ஆளுக்கு 75 டாலர் கொடுத்துக் குதித்தார்கள். மொத்த வசூல் 2,100 டாலர்.

குதிக்க யாருக்கும் காசு தேவையில்லை, விழுவது இலவசம். அந்த 75 டாலர் எதற்கு என்றால், திரும்பி வருவதற்கு! வாங்குபவர் கயிற்றைச் சோதிக்க முடியாது, விற்பவரை நம்பித்தான் ஆக வேண்டும். பொருளை அனுபவித்த பிறகு புகார் சொல்ல ஆள் இருப்பாரா என்பதே சந்தேகமான ஒரு வியாபாரம் இது. அதனால் இங்கே நம்பிக்கைதான் உண்மையான சரக்கு.

குதித்தால் என்ன ஆகும்?

முதலில் எடை பார்ப்பார்கள். பல இடங்களில் அந்த எண்ணை மார்க்கரால் உங்கள் கையிலேயே எழுதிவிடுவார்கள். பொய் சொல்லக்கூடாத ஒரே இடம் இது :) அந்த எண்ணைப் பார்த்துத்தான் கயிற்றைத் தேர்ந்தெடுப்பார்கள். கனமானவருக்குத் தடித்த கயிறு, ஒல்லியானவருக்கு மெல்லியது. பிறகு கணுக்காலில் துண்டைச் சுற்றி, அதன்மேல் பட்டையை இறுக்குவார்கள். இடுப்பில் இன்னொரு பட்டை. கால்கள் கட்டப்பட்டிருப்பதால் பென்குயின் மாதிரிதான் விளிம்புக்கு நகர முடியும்.

குதித்த பிறகு கணக்கு எளிது. முதல் 2 வினாடிகளில் சுமார் 20 மீட்டர் விழுவீர்கள். அப்போது வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். கயிறு இழுபடாமல் 4 வினாடி விழுந்தால் 78 மீட்டர், வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர். தென்னாப்பிரிக்காவின் 216 மீட்டர் உயர புளூக்ரான்ஸ் பாலத்தில் அது சாத்தியம்.

சாதாரணக் கயிறாக இருந்தால் இந்த வேகத்தைச் சட்டென்று நிறுத்தி எலும்பை முறித்துவிடும். ரப்பர் நீண்டுகொண்டே மெதுவாகப் பிடிக்கிறது. வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறோமே, அதே தத்துவம். பிறகு கயிறு உங்களை மேலே தூக்கும். உச்சியில் ஒரு கணம் எடையே இல்லாதது போல இருக்கும், மறுபடி விழுவீர்கள். நாலைந்து முறை ஆடிய பின் கீழே படகிலோ, மேலே இழுத்தோ எடுத்துக்கொள்வார்கள்.

தலைகீழாக நிற்கும்போது ரத்தம் தலைக்கு ஏறும். கண்ணின் விழித்திரையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்கள் உண்டு. எனவே ரத்த அழுத்தம், கண் கோளாறு, முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஆசைப்படாமல் இருப்பதே நல்லது.

'வேண்டாம்' கேட்காமல் போனபோது

2011 டிசம்பர் 31ல் ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவே உள்ள விக்டோரியா அருவிப் பாலத்தில், 111 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு ஆஸ்திரேலிய இளம்பெண் குதித்தபோது கயிறு அறுந்தது. கால்கள் கட்டப்பட்ட நிலையில் ஜாம்பெசி ஆற்றில் விழுந்து, நீந்தி உயிர் தப்பினார்.

2015ல் ஸ்பெயினில் நடந்தது அதைவிடக் கொடுமை. 17 வயது நெதர்லாந்துப் பெண் ஒருவர் பாலத்தில் நின்றிருந்தார். அவரது கயிறு இன்னும் பாலத்தோடு இணைக்கப்படவில்லை. பயிற்சியாளர் அரைகுறை ஆங்கிலத்தில் 'நோ ஜம்ப்' என்றார். அந்தப் பெண்ணுக்கு அது 'நவ் ஜம்ப்' என்று கேட்டிருக்கலாம். குதித்துவிட்டார். இறந்துவிட்டார். 'டோன்ட் ஜம்ப்' என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று 2017ல் நீதிமன்றம் குறிப்பிட்டது.

1974ல் 'வேண்டாம்' என்பதற்கு இடமே இல்லை. 2015ல் 'வேண்டாம்' சொல்லப்பட்டது, கேட்கவில்லை. நடுவில் ரப்பர் வந்தது, ஆராய்ச்சி வந்தது, விதிமுறைகள் வந்தன. ஆனாலும் எல்லாம் கடைசியில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் சொல்லும் ஒரு சொல்லில் வந்து நிற்கிறது.

லாபம் யாருக்கு?

1990களில் பஞ்சி ஜம்பிங் உலகெங்கும் பெரிய வியாபாரமானது. அப்போது பெந்தகொஸ்து மக்கள், "இது எங்கள் மூதாதையர் சொத்து, எங்களுக்கும் பங்கு வேண்டும்" என்று குரல் எழுப்பினார்கள். காப்புரிமைச் சட்டப்படி பார்த்தால் வழக்கு நிற்பது கஷ்டம். தலைமுறை தலைமுறையாக வரும் ஒரு வழக்கத்துக்கு யார் உரிமையாளர் என்று அந்தச் சட்டத்துக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? கொடியை எடைக்குத் தக்கபடி தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற அடிப்படை அறிவு அவர்களுடையது. நாம் ரப்பரில் போட்டது அதே கணக்கைத்தான்.

இந்தியாவிலும் ரிஷிகேஷ் அருகே 2010 முதல் 83 மீட்டர் உயர மேடையிலிருந்து குதிக்கிறார்கள். நம் நண்பர்களில் யாராவது ஒருநாள் போகத்தான் போகிறார்கள். போகிறவர்களுக்கு மூன்று கேள்விகள். என் எடையைப் பார்த்தீர்களா? இந்தக் கயிறு இதுவரை எத்தனை முறை பயன்பட்டது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? கட்டியவர் தவிர இன்னொருவர் சரிபார்த்தாரா? மூன்றில் எதற்காவது மழுப்பலாகப் பதில் வந்தால் குதிக்காதீர்கள்.

மூன்றுக்கும் சரியான பதில் வந்த பிறகும், காற்றைப் பார்த்தோ கயிற்றைப் பார்த்தோ அங்கிருப்பவர் "இன்றைக்கு வேண்டாம்" என்றால் அவரோடு சண்டை போடாதீர்கள். பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டு ஊர் வந்து சேருங்கள். பாலம் அங்கேயேதான் இருக்கும்.